இப்படி வச்சுப் பாப்பமா

"மேடம், ஆய்வேட்ட முழு நூலா எழுதவா, இல்ல பேப்பரா வெளியிட்டு அதச் சேத்துக் கட்டவா?" என்று எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். இரண்டில் ஒன்றைச் சொல்லி அனுப்ப வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முடியவில்லையே. வாயைத் திறந்தால் அக்கா குறுக்கே வந்துவிடுகிறாள். வந்தவள் ஒரு இடத்தில் நிற்பாளா என்றால் அதுவும் கிடையாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நானும் அவளும் ஒரே நெறியாளரிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள். நான் நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், கல்லூரி முடித்த சூட்டோடு வந்தவள். அவளுக்கு அப்போதே பத்தாவது படிக்கிற மகள் இருந்தாள். திண்டுக்கல் டவுனில் அவள் வீட்டுக்காரர் செருப்புக் கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்போம். அக்கா ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தாள்.

எந்தப் பொருளையும் அது இருக்கிற இடத்தில் இருக்க விடமாட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது ஜன்னலோரம் உட்காருவாள். ஊர் எல்லை தாண்டும் முன் டிரைவருக்குப் பின்னால் போய்விடுவாள். பல்கலைக்கழகம் வருவதற்குள் இன்னொரு இடம். ஒரு நாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல், "ஏம்மா, ஒரு டிக்கெட்டுக்கு எத்தன சீட்டும்மா?" என்று கேட்டுவிட்டார். "எதுல உக்காந்தா வெயில் வராதுன்னு பாக்குறேண்ணே" என்றாள். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டிலும் அப்படித்தான். டிபன் பாக்ஸைத் திறந்ததும் வெஞ்சனம் முழுவதையும் முதலில் தின்றுவிடுவாள். "தனித்தனியாத் தின்னா எப்படி இருக்குன்னு பாப்பமே" என்பாள். பிறகு வெறுஞ்சோற்றைப் பார்த்து முழித்துக்கொண்டு என் டப்பாவில் கை வைப்பாள். இது ஒரு நாள், இரண்டு நாள் கூத்து இல்லை.

பாய் ஒரு தடவை ஊருக்குப் போனபோது கடையை அவளிடம் விட்டுப் போனார். திரும்பி வந்தால் செருப்பு எல்லாம் நம்பர் வாரியாக இல்லாமல் நிறம் வாரியாக அடுக்கியிருக்கிறது. "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் பாய் என்னிடம். "ஏழாம் நம்பர் கேட்டு ஆள் வந்தா நான் கடை பூராத் தேடுறேன். இவளப் படிக்க அனுப்புனது எனக்குத்தான் நல்லது." அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அவள் படிப்பு முடியாமல் இழுத்துக்கொண்டே போனபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நானும் பார்த்தேன்.

எதை எடுத்தாலும் அவளுக்கு ஒரே கேள்விதான். "இப்படி வச்சுப் பாப்பமா?"

அந்தக் கேள்வியால்தான் என் ஆய்வேடு தேறியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாந்தோப்புக் குத்தகையைப் பற்றி ஐந்து அத்தியாயம் எழுதி வைத்திருந்தேன். எழுதிய எனக்கே வாசித்தால் கொட்டாவி வந்தது. ஒரு நாள் பஸ்ஸில் அதை வாங்கிப் புரட்டியவள், "ஏ புள்ள, நாலாவதத் தூக்கி முன்னாடி வச்சுப் பாப்பமா?" என்றாள். பூப்பூக்கும் முன்பே தோப்பைப் பேசி முடிக்கிற பேரம்தான் நாலாவது அத்தியாயம். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு மாற்றி வைத்தேன். என் வைவாவில் தேர்வாளர் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

எனக்கு மட்டும் இல்லை. துறையில் யாருக்கு வடிவத்தில் சிக்கல் வந்தாலும் அக்காவிடம்தான் வருவார்கள். அடுத்த கட்டிடத்து இயற்பியல் பையன்கூட வந்தான். அவன் எழுதியதில் ஒரு வரி அவளுக்குப் புரிந்திருக்காது. "உன்னோடது தனித்தனிச் சோதனைதானப்பு? ஒண்ணுக்கொண்ணு ஒட்டாததப் போயி ஏன் ஒட்ட வைக்கிற? பேப்பராவே கட்டிக் கொடுத்துட்டுப் போ" என்றாள். அவன் அப்படியே செய்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் பட்டம் வாங்கிக்கொண்டு போனான். அடுத்தவர் விஷயத்தில் டீ ஆறுவதற்குள் முடிவு சொல்வாள். அவளுடையதில்தான் அவளுக்கு முடிவே வரவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது தண்ணீர். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் குழாயடியில் கழிக்கிற நேரம் பற்றிய ஆராய்ச்சி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடியும்போதே அவரவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அந்தக் குடத்தை வேறு யாரும் தொடக்கூடாது. ஊரில் எவ்வளவு பகை இருந்தாலும் அதில் மட்டும் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் அக்கா கை வைத்தாள்.

போட்டோ எடுக்கப் போயிருக்கிறாள். குடங்கள் கோணல்மாணலாக நின்றிருக்கின்றன. சும்மா இருப்பாளா? பச்சைக் குடங்களை ஒரு பக்கமும் நீலக் குடங்களை ஒரு பக்கமுமாக நேராக அடுக்கிப் படம் எடுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் ஓடிவந்து பார்த்தால் யாருடைய குடமும் வைத்த இடத்தில் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடம் வேறு. பிறகு என்ன, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதை எனக்குப் பஸ்ஸில் போட்டுக் காட்டினாள். முதலில் அவளைத் திட்டுகிறார்கள், அதை நான் இங்கே எழுத முடியாது. பிறகு தங்களுக்குள் வரிசையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்கள். யார் யாருக்கு முன்னால் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. ஒவ்வொருத்தியும் தன் காலை முழுவதையும் எடுத்து அங்கே வைக்கிறாள்.

"எம் மகள மில்லு பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு நேரா இங்கதான் வந்தேன். அப்ப இவ குடமே இல்ல."

"நான் பாலக் கறந்து ஊத்திட்டு வந்து வச்சேன். சொசைட்டி வண்டிக்காரரக் கேளு."

"நான் வந்தப்ப அவ இன்னும் மொகமே கழுவல. வாசல்ல உக்காந்து புருசன் கூட மல்லுக்கட்டிட்டு இருந்தா. இல்லைன்னு சொல்லச் சொல்லு."

நானும் அக்காவும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் ஒரு குரல், அதிகம் சத்தம் போடாத குரல். "எனக்குச் சண்ட வேணாம். நான் கடைசிதான். மாமியாவுக்கு மேலுக்கு ஊத்தி, துணி மாத்தி, படுக்க வச்சுட்டு வாரதுக்குள்ள எல்லாரும் வந்துர்றீங்க. எனக்கு முன்னால எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயி செத்த நேரம் அடுப்பப் பாத்துட்டு வாரேன்." அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அக்கா அங்கேயே பதிவை நிறுத்திவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

பேசியதை எழுத அவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் பயம்தான். ஆனால் அவர்கள் மோர் கொடுத்தார்கள். "இந்தா வந்துட்டா குடத்த நகட்டுனவ" என்று கேலி பேசினார்கள். கடைசிக் குரலுக்குச் சொந்தக்காரி ஒல்லியாக இருந்தாள். அக்காவை விட இளையவள்தான், பார்த்தால் மூத்தவளாகத் தெரிந்தாள்.

"நான் சொன்னதும் அதுல வருமா?" என்று கேட்டாள்.

"வரும்" என்றாள் அக்கா.

"கடைசியாவா?"

"நீங்க கடைசியாத்தான நின்னீங்க?"

"அதுவரைக்கும் தாளு இருக்குதான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்தாள். உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று நினைத்தேன்.

இதற்கிடையில்தான் பல்கலைக்கழகத்தில் புது விதி வந்தது. பழைய மாதிரி ஐந்து அத்தியாயத்தில் முழு நூலாகவும் கொடுக்கலாம். இல்லையென்றால், ஆராய்ச்சி இதழ்களில் வெளியான மூன்று கட்டுரைகளுக்கு முன்னுரையும் முடிவுரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். அந்த இயற்பியல் பையன் கொடுத்ததும் இந்த விதியில்தான். எங்கள் நெறியாளர் நல்ல மனிதர், ஓய்வு பெறப்போகிற நேரம். "ஏம்மா, ஒனக்குத்தான் பேப்பர் மூணும் வந்துருச்சே. அப்படியே கட்டிக் கொடுத்துட்டுப் போயிரு" என்றார். அவளுக்குக் கொடுத்திருந்த கால நீட்டிப்பும் முடியப்போகிறது. கல்லூரி நிர்வாகம் வேறு, அடுத்த வருஷத்துக்குள் பட்டம் இல்லையென்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. குழாயடிச் சண்டையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை வெளியிட்ட இதழ், பக்கம் அதிகம் என்று சொல்லி வெட்டச் சொல்லியிருந்தது. அந்தப் பெண்கள் பேசியது முழுக்கப் போய்விட்டது. மிஞ்சியது ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'வரிசை தொடர்பாகச் சில பூசல்கள் ஏற்பட்டதாகப் பயனாளிகள் தெரிவித்தனர்.' வெளியான கட்டுரையை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கட்டினால் பட்டம் வரும், அவர்கள் வரமாட்டார்கள். முழு நூலாக எழுதினால் அவர்கள் வருவார்கள், நீட்டிப்புக்குள் முடியுமா என்று தெரியாது.

திங்கட்கிழமை வந்தால் "முழு நூல்தான்" என்பாள். வியாழக்கிழமை "பேப்பராவே கொடுத்துர்றேன்" என்பாள். எந்த வடிவம் என்று எழுதிக்கொடுக்கிற விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போன இடத்திலிருந்து திரும்பிப் போய் வாங்கி வந்தாள். நூலகத்தில் மேஜை மேஜையாக மாறி உட்கார்ந்தாள். அச்சடித்த பக்கங்களைத் தரையில் பரப்பி, முன்னால் இருப்பதைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மின்விசிறி போட்டால் பறக்கும் என்று எங்களையும் வேகவைத்தாள்.

ஒரு வழியாக முழு நூலாக எழுதிக்கூட முடித்தாள். அதைத் திருட்டு இருக்கிறதா என்று பார்க்கிற மென்பொருளில் போட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. அவள் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. ஏற்கனவே வெளியான அவளுடைய மூன்று கட்டுரைகளில் இருந்த வரிகள்தான் நூலிலும் இருந்தன. "என் வீட்டுலயே நான் திருடிட்டேனாம் புள்ள" என்று சொல்லிச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. சிவப்பு வந்ததை எல்லாம் வேறு வார்த்தையில் எழுதி வா என்றார்கள். அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

அன்றைக்குப் பஸ்ஸில் நான் கத்திவிட்டேன். "பேசாம பேப்பரக் கட்டிக் கொடுக்கா. இருக்குற வேலையும் போச்சுன்னா பாய் மொகத்துல எப்படி முழிப்ப? மகளுக்குக் காலேஜு ஃபீஸ் யாரு கட்டுவா? அந்தப் பொம்பளைகளா வந்து கேக்கப் போறாங்க?"

"அவங்க கேக்க மாட்டாங்க" என்றாள். எழுந்து முன் சீட்டுக்குப் போனாள். அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. நடு சீட்டுக்கு வந்தாள். பிறகு கடைசி நீளச் சீட்டுக்குப் போனாள். தூக்கித் தூக்கிப் போடும் என்று அவள் ஒருநாளும் உட்காராத இடம் அது ஒன்றுதான். செத்த நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, பின்னாடி வச்சுப் பாப்பமா?"

"எத?"

"அவங்கள. பேப்பரு மூணும் அப்படியே கெடக்கட்டும், ஒரு எழுத்துத் தொடல. பின்னிணைப்பு எம்புட்டுப் பக்கம் இருக்கணும்னு விதியில எங்கயாவது சொல்லியிருக்கா?"

சொல்லவில்லை. நானும் விதியைத் தேடிப் படித்தேன், எங்கேயும் சொல்லவில்லை. அக்கா அந்தக் காலை முழுவதையும் அவர்கள் பேசிய தமிழிலேயே எழுதிப் பின்னிணைப்பாக வைத்தாள். மூன்று கட்டுரையும் சேர்ந்தால் வருவதைவிட அது தடியாக இருந்தது.

நெறியாளர் அதைப் புரட்டிப் பார்த்தபோது நானும் அறையில் இருந்தேன். "நல்லாருக்கும்மா. ஆனா இப்படியே போட்டா கொழப்பமா இருக்கு. வயசு வாரியாப் பிரி. இல்ல, நெலம் உள்ளவங்க ஒரு பக்கம், இல்லாதவங்க ஒரு பக்கம். சும்மா ஒனக்கு ஒரு மணி நேர வேல" என்றார்.

அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "அது அவங்க நின்ன வரிசை சார். அதத் தொட மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இதச் சொல்றது? டிபார்ட்மெண்டுல மேஜ நாக்காலிய ஒரு எடத்துல விடாதவ நீ."

"தொட்டுத்தான் பாத்துட்டேனே சார்" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நீட்டிப்பு முடிவதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வைவாவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பாயும் கடையைச் சாத்திவிட்டு மகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி செய்தவரின் பொறுப்பு. பிரியாணி அண்டா வெளியே வந்து இறங்கிவிட்டது. மணம் ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. அக்கா திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடியே பேசி முடித்தாள். நன்றாகத்தான் பேசினாள்.

தேர்வாளர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் அம்மா. அதுவரை ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தவர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். தமிழில் கேட்டார்.

"கடைசியா ஒரு அம்மா பேசுறாங்களே, அடுப்பப் பாத்துட்டு வாரேன்னு. அவங்களுக்கு அன்னைக்குத் தண்ணி கெடச்சுதா?"

அக்காவின் நடை நின்றது.

"இல்ல மேடம்" என்றாள். "சண்ட முடிஞ்சு வரிசை சரியாகுறதுக்குள்ள நேரம் போயிருச்சு. அவங்க குடத்த வைக்கிறப்ப குழா நின்னுபோச்சு." பிறகு, "குடத்த நகட்டுனது நான்" என்றாள்.

இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அந்தப் பெண் வெறுங்குடத்தோடு போனதை என்னிடம் சொல்லவே இல்லை. 'அதுவரைக்கும் தாளு இருக்குதான்னு பாத்துக்க' என்று அந்தப் பெண் ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இத ஏன் எழுதல?" என்று கேட்டார் தேர்வாளர். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியல மேடம்."

சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தேர்வாளர் முன்னால் உட்காரக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கே பட்டம் அறிவித்தார்கள். எல்லோரும் பிரியாணி தின்றோம். பாய்க்குச் சிரிப்புத் திரும்பியிருந்தது. அக்காவின் வேலையும் நிலைத்தது. பிறகு நான் ஒட்டன்சத்திரம் பக்கம் வேலைக்கு வந்துவிட்டேன். அவர்கள் குடும்பத்தோடு திருப்பூர் போனதாகக் கேள்வி. அவள் பழைய நம்பரில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை வடிவம் பற்றிக் கேட்டு என்னைக் குடைந்தபோது, சரி, அக்காவுடையதைக் காட்டலாம் என்று பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைவாவுக்குப் பிறகு திருத்திக் கட்டிக் கொடுத்த பிரதி அது. நான் பார்த்ததில்லை. பின்னிணைப்பைக் காட்டத்தான் எடுத்தேன், அட்டையைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. நன்றியுரைக்கும் முன்னால், தனிப் பக்கத்தில், தமிழில் ஒரு வரி இருந்தது.

'படம் எடுப்பதற்காக நான் குடங்களை நகர்த்தியதால், கடைசியில் நின்ற பெண்ணுக்கு அன்று தண்ணீர் கிடைக்கவில்லை.'

"என்னாச்சு மேடம்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். இந்த ஒரு வரிக்கு இடம் தேடித்தான் அம்புட்டு அலைஞ்சாளா, பாவி மக.